என் தம்பியின் வாயை அடைக்கச் சொன்னேன்

போன புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் தம்பி குமரேசனால் செருப்பு மாட்ட முடியவில்லை. காலுக்கும் செருப்புக்கும் நடுவே பஞ்சு வைத்தது போல் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அன்று மாலை மாடிப்படி ஏறும்போது முழங்கால் மடங்கி விழுந்தான். புதன்கிழமை டம்ளரைப் பிடிக்க விரலில் பலம் இல்லை. வியாழக்கிழமை மதியம் மூச்சு இழுக்கவே நெஞ்சு தூக்கவில்லை. நாற்பத்தொரு வயது ஆள். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பெரிய பெரிய மெஷினை எல்லாம் பிரித்துப் போட்டு மாட்டுகிறவன். மூன்றே நாளில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தான்.

எனக்கு இது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. நான் அவனோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

தெரிந்த நிமிஷம் நான் அழவில்லை. பயந்தேன். அவன் செத்துப்போவானோ என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு பயம். நான் கேட்டது நடந்துவிட்டதோ என்ற பயம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை நம் முருகன் கோயிலில் கூடுகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முருகன் எனக்கு என்ன செய்தான் என்று மேடை ஏறிச் சொல்லும்படி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மேடை ஏறமாட்டேன். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள். படிக்கும்போது சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பச்சையம்மாள். சொந்த ஊர் ராயக்கோட்டைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தக்காளி மண்டியில் கூடை தூக்கியவர்கள். எனக்கு ஆறு வருடம் இளையவன் குமரேசன். முருகனை வேண்டிப் பிறந்தவன் என்றுதான் அந்தப் பெயர் வைத்தார்கள். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் ஐடிஐ படித்துக் கம்பெனிக்குப் போனான். நான் இப்போது ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறேன். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கொட்டகையில் அறுத்து வரும் ரோஜாவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டு கட்டும் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு விடுவார்கள்.

குமரேசன் சாமி கும்பிடுவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனியில் அவனைப் போலப் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். புத்தகம் படிப்பார்கள், கூட்டம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் எங்கள் இருவருக்கும் சண்டைதான்.

"யக்கா, உங்க மொதலாளி பாலிஹவுஸ்ல தண்ணி விடறதுக்கு டைமர் வெச்சிக்கிறாரு. முருகன் பாத்துக்குவான்னு உட்டிருந்தா ரோஜா பூத்திருக்குமா?"

"டைமரு கண்டுபுடிச்சவனுக்கு மூளைய யாருடா வெச்சது?"

"பரிணாமம்."

"அது எந்த ஊரு சாமி?"

என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு சிரிப்பார். அப்படித்தான் இருந்தோம். அந்தச் சண்டையில் விஷம் இல்லை. அவன் ஜெயித்தால் ஒரு கரண்டி கறி கூடப் போடுவேன். நான் ஜெயித்தால் அவன் தட்டைக் கழுவி வைப்பான்.

விஷம் வைத்தது நாம்தான். ஆமாம், நாம். வைகாசியில் கல்யாண மண்டபம் பிடித்து இறைவனா விஞ்ஞானமா என்று பட்டிமன்றம் போட்டோமே, அன்றுதான். நம் குழுவை நடத்தும் சுந்தரி அக்கா என்னிடம் வந்து, "நீ பேசு பச்ச. அந்தப் பக்கம் உன் தம்பி பேசறான். அக்காளும் தம்பியும் மோதிக்கிட்டா கூட்டம் வரும்" என்றார். அந்தப் பக்கத்து ஆட்களும் அதையே நினைத்திருக்கிறார்கள். கூட்டம் வந்தது. வெளியே நின்றுகூடப் பார்த்தார்கள்.

நான் பத்து நிமிஷம் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவன் பேசியது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பினான்.

"எங்க அம்மாவுக்குக் காமாலை வந்துச்சு. கண்ணு மஞ்சளாயிருச்சு. பத்து நாளு மந்திரிக்கிற ஆள்கிட்ட இட்டுக்கினு போயி இட்டுக்கினு வந்தாங்க. பத்தாவது நாளு அம்மாவுக்கு நெனப்பு தப்பிருச்சு. அதுக்கப்பறம்தான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி. ரெண்டு நாள்ல செத்துப்போச்சு. முருகன் பாத்துக்குவான், ஊசியெல்லாம் வேணாம்னு சொன்னது யாருன்னு எங்க அக்காவக் கேளுங்க."

மண்டபம் கைதட்டியது. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் அம்மா செத்ததற்குக் கைதட்டினார்கள். அந்தப் பக்கம் மட்டுமா? நம் வரிசையிலும் ஓரிருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன்.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அது உண்மை. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து இருபத்துமூன்று வருடமாக நான் முருகனிடம் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். அது குமரேசனுக்கும் தெரியும். தெரிந்துதான் மைக்கில் சொன்னான்.

வீட்டுக்கு வந்தேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். விளக்குக்கூட ஏற்றவில்லை. "இவன் வாய அடைச்சிரு. இனிமே அந்த வாயில இருந்து ஒரு வார்த்த வரக்கூடாது. நீ இருக்கிறது உண்மைன்னா இதச் செய்யி" என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

புரட்டாசியில் அவன் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள்.

ஓசூரில் முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் உடனே பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டிப் போகிற வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நான் வெள்ளிக்கிழமை வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன். ஐசியூ வாசலில் அவன் மனைவி நிர்மலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணி, அவருக்கு எல்லாம் தெரியிது, கேக்குது. பேசத்தான் முடியல" என்று அழுதாள். பேசத்தான் முடியல. அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் சொந்தக் காவல் படையே ஆள் மாறி நரம்பை அடித்துவிட்டது, இது லட்சத்தில் ஓரிருவருக்கு வருகிற நோய் என்றார். மருந்து ஐந்து நாள் ரத்தத்தில் ஏற்றுவோம், மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம், நரம்பு தானாக வளர வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்றார்.

"பொழச்சுக்குவானாம்மா?"

"நிறையப் பேர் மீண்டு வருவாங்க. எல்லாரும்னு நான் சொல்ல மாட்டேன்."

இந்தப் பதிலுக்காக அந்த டாக்டரம்மாவை எனக்குப் பிடித்தது. அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பொய் சொல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

மறுநாள் சனிக்கிழமை சுந்தரி அக்கா போன் செய்தார். விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

"பாத்தியா பச்ச? எந்த வாயி பேசுச்சோ அந்த வாயிலயே குழாயப் போட்டுட்டான் பாரு முருகன். வர்ற கிருத்திகைக்கு நீ இத எல்லாருக்கும் சொல்லணும்."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அடியார்களே, நான் சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம் இருந்தது. நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதமுடியாது. போனை அணைத்துவிட்டேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்த கோபம். நான் வீட்டில் தனியாகச் சொன்னதைத்தான் அவர் போனில் உரக்கச் சொன்னார். அதைக் காதால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

அந்தப் பக்கத்து ஆட்களையும் சொல்லாமல் விடமாட்டேன். குமரேசனோடு வேலை செய்யும் இளவரசு என்பவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வருவார். என்னையும் ஓசூரிலிருந்து பைக்கில் கூட்டிவந்தது அவர்தான், அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் நான் ஐசியூ வாசலில் உட்கார்ந்து வாய்க்குள் கந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை.

"யக்கா, தப்பா நெனக்காதீங்க. மூச்சு விடற மெசின உங்க முருகனா கண்டுபுடிச்சாரு?"

நான் எழுந்து நின்றேன். "அவன் என் தம்பி. உங்க பட்டிமன்றத்துக்குத் தலைப்பு இல்ல. அவங்க ஒரு பக்கம் சாமி அடிச்சுருச்சுங்கறாங்க. நீ ஒரு பக்கம் சாமி எங்கன்னு கேக்கற. அவன் உள்ள மூச்சுக்குத் தவிக்கிறான்டா! யாராச்சும் அவனுக்காக அழுவுங்கடா!"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. செக்யூரிட்டி வந்து என்னை வெளியே உட்காரச் சொன்னார். இளவரசு தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை அப்போது நான் பார்க்கவில்லை. நிர்மலா பிறகு சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். ஏழாம் நாள் என் முறை. மடியில் நம் கோயில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருந்தேன். அவன் நெற்றியில் வைத்துவிட வேண்டும். தடுக்க அவனுக்குக் கை இல்லை. யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். மீசையை மழித்திருந்தார்கள். வாயின் ஓரத்தில் குழாயை ஒட்டுப்போட்டு நிறுத்தியிருந்தார்கள். கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறான். நர்ஸ் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேள்வி கேட்டால் ஒரு தடவை கண்ணை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை.

கையில் திருநீறோடு குனிந்தேன். அந்தக் கண் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"வெக்கட்டுமாடா?"

ஒரு தடவை மூடினான். திறந்தான். என் மனம் குதித்தது. இன்னொரு தடவை மூடினான்.

வேண்டாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. சாவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, இவனுக்கு அப்போதும் வீம்பு. பொட்டலத்தை மடியில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பூசிவிட்டு வந்திருக்கலாம். கை அரித்தது. ஆனால் அந்த உடம்பில் அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த இரண்டு கண் இமைகள்தான். அதைக் கொண்டு அவன் சொன்ன ஒரே பேச்சை நான் கேட்கவில்லை என்றால், நான்தானே அவன் வாயை அடைத்தவள் ஆவேன்?

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு புங்கை மரம் இருந்தது. அதன் கீழே நின்று நான் முருகனிடம் பேசினேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"நான் கோவத்துல கேட்டா நீ குடுத்துருவியா? அறிவில்ல உனக்கு? பெத்த பிள்ள செத்துப்போன்னு அம்மா திட்டுனா அதையும் எடுத்துக்குவியா? எனக்கு அவன் வாய் வேணும். நீ இல்லன்னு அவன் அந்த வாயால சொல்லணும். என் காதால நான் அதக் கேக்கணும். அதுக்கு அவனுக்கு மூச்சு குடு. அவன் உன்னக் கும்பிட வேணாம். உன்ன நம்ப வேணாம். திட்டட்டும். அதுக்கு வாய் குடு."

கார் எடுக்க வந்த ஒருவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து விலகிப் போனார். தினமும் இதையே கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் பேசவில்லை. மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்றெல்லாம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அங்கே எனக்கு ஒரு துணை கிடைத்தாள். கோலார் பக்கத்திலிருந்து வந்த லட்சுமம்மா. அவள் மகள் பாக்யாவுக்கும் இதே நோய், இருபத்தொரு வயது, குமரேசனுக்கு இரண்டு கட்டில் தள்ளி. லட்சுமம்மா தெலுங்கில் பேசுவாள், நான் எனக்குத் தெரிந்த தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவேன். அவள் ஊர் அம்மனின் குங்குமத்தை எனக்கு வைத்துவிடுவாள். நான் என் திருநீறை அவளுக்கு வைத்துவிடுவேன். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். என்னைவிட நூறு மடங்கு கும்பிட்டாள். அழகாகவும் கும்பிட்டாள். என்னைப் போலத் திட்டவில்லை.

பத்தொன்பதாம் நாள் பாக்யாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. இருபத்தோராம் நாள் காலையில் போய்விட்டாள்.

லட்சுமம்மா என் மடியில் விழுந்து அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தம்பி உள்ளே உயிரோடு இருந்தான். அவளைத் தொடவே எனக்குக் கூசியது.

இதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். கும்பிட்டும் செத்தாளே, பார்த்தீர்களா என்று இளவரசோடு வந்த ஒருவர் நிர்மலாவிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் வினை, இல்லை என்றால் அம்மாவின் பக்தியில் ஏதோ குறை என்று நம் குழுவிலிருந்து பார்க்க வந்த ஒருவர் சொன்னார். பெயர் சொல்லமாட்டேன், இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும். அம்மா, நீங்கள் ஒரு தடவை அந்த லட்சுமம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பக்தியில் குறையாம்!

ஏன் பாக்யா போனாள், ஏன் குமரேசன் இருந்தான் என்று முருகனைக் கேட்டேன். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. யாராவது பதில் தெரியும் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

குமரேசனுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றியிருந்தார்கள். இருபத்தாறாம் நாள் தோள் லேசாக அசைந்தது. பிறகு தினமும் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்தி அவனே மூச்சு விடப் பழக்கினார்கள். முதல் நாள் பத்து நிமிஷம். வியர்த்து ஊற்றியது அவனுக்கு. அப்புறம் ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு பகல் முழுக்க. ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து மெஷினை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஒரு மாலை. நான் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் பெண் அவன் தொண்டைக் குழாயின் துளையை ஒரு மூடியால் அடைத்து, ஏதாவது பேசுங்கள் அண்ணா என்றாள். அவன் என்னைப் பார்த்தான். தொண்டையில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப நேரம் முயற்சி செய்தான்.

"யக்கா... முருகன்... இல்ல."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா எனக்கே தெரியவில்லை. நான் புங்கை மரத்தடியில் கேட்டது ஒரு சொல் மாறாமல் என் காதில் விழுந்தது. நான் கேட்டதை அவனிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

நர்ஸ் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவு புரியாது. என்ன சொன்னார் என்று கன்னடத்தில் கேட்டாள். சாமி பெயரைச் சொன்னான் என்றேன். பொய் இல்லையே. அவள் சந்தோஷமாகக் கை கூப்பினாள். குமரேசன் கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தான்.

கார்த்திகையில் அவனை வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மதியம் நிர்மலா சாப்பிடப் போயிருந்தாள். தொண்டைத் துளை மூடியிருந்தது. குரல் கம்மலாக இருந்தாலும் பேச வந்துவிட்டது. நான் அவனுக்கு ரவைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. வைகாசியில் படத்துக்கு முன்னால் நின்று நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். சிரித்ததில் புரையேறி, நான் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் போனதும் சொன்னான்.

"வைகாசில குடுத்த கம்ப்ளெய்ன்ட்ட புரட்டாசிலதான் எடுத்தாரா உங்க முருகன்? எங்க மெயின்டனன்ஸே பரவால்ல போலிருக்குதே."

"வெளையாடாதடா. எனக்குத் தூக்கமே இல்ல."

அவன் முகம் மாறியது. கையைத் தூக்க முடியாது, விரல் மட்டும் என் பக்கம் நகர்ந்தது.

"யக்கா, இங்க பாரு. கம்பெனி கேட்டுக்கு வெளிய தள்ளுவண்டில நானு சிக்கன் தின்னேன். சரியா வேவல. அதுலதான் கிருமி வந்திருக்கணும். அவ்ளோதான். நீ சொன்னதுனால ஒண்ணும் ஆவல. நீ சொல்லலைன்னாலும் ஆயிருக்கும். நீ காரணமில்ல."

அவன் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பச் சொன்னான்.

"அம்மாவுக்கும் நீ காரணமில்ல. உனக்கு அப்ப என்னா வயசு? ஊரே அப்பிடித்தான் பண்ணிக்கினு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குன்னு இட்டுக்கினு போவ வூட்ல ஆளு இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கினே மேடைல சொன்னேன். கைதட்டுவாங்கன்னு சொன்னேன். தப்புக்கா."

இருபத்துமூன்று வருடம் நான் எத்தனை கோயில் படி ஏறியிருப்பேன். அந்த மன்னிப்பு எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. சாமி இல்லை என்று சொல்கிற வாயிலிருந்து கிடைத்தது. எந்த வாயை அடைக்கச் சொன்னேனோ அந்த வாயிலிருந்து. அது அடைபட்டே போயிருந்தால் நான் சாகும்வரை அந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டேன். இதுதான் முருகன் எனக்குச் செய்தது. குமரேசன் இதை மருந்தும் நரம்பும் செய்தது என்கிறான். சொல்லட்டும். மருந்து கொடுத்த டாக்டரம்மாவை நானும் தினமும் கும்பிடுகிறேன்.

மார்கழியில் வீட்டுக்கு வந்தான். பங்குனியில் கைத்தடி ஊன்றி நடந்தான். இப்போது கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். சண்டை போடுகிறோம். அவன் மாறவில்லை. சுந்தரி அக்கா, திரும்பவும் சொல்கிறேன், அவன் மாறவில்லை. "நாத்திகன் திருந்தினான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லு, கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரும்" என்றீர்களே, அதனால்தான் நான் மேடை ஏறமாட்டேன் என்றேன். பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய நிலையில் முருகன் இல்லை. நிர்மலாவுக்கு ஒரு மாதம் நீங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அந்தக் கையும் உங்களுடையதுதான், அந்தப் போனும் உங்களுடையதுதான். அடுத்த தடவை கையை மட்டும் நீட்டுங்கள்.

நான் மாறியிருக்கிறேன். போன மாதம் பேக்கிங் கொட்டகையில் என்னோடு வேலை செய்யும் சின்னப்பொண்ணுக்குக் கண் மஞ்சளாக இருந்தது. சாயங்காலம் மந்திரிக்கப் போகிறேன் என்றாள். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கையோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "மந்திரத்த வண்டியிலயே சொல்லிக்க, முருகனுக்குக் கேக்கும்" என்றேன். நெற்றியில் திருநீறும் வைத்துவிட்டேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். இப்போது அவள் வேலைக்கு வருகிறாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் லட்சுமம்மாவுக்குப் போன் செய்கிறேன். அவள் அம்மன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாளாம். பேசுவதில்லையாம். ஆனால் பூ மட்டும் வைக்கிறாளாம், முதுகுப் பக்கம். படத்தைத் திருப்பு என்று நான் சொல்லவில்லை. அது அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. அதில் யாரும் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

அடியார்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் கும்பிடாத ஒருவர் இருந்தால் அவருக்காகவும் கேளுங்கள். அவர் மாற வேண்டும் என்று கேட்காதீர்கள், அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அப்புறம் வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். அழகாகக் கும்பிட வராவிட்டால் பரவாயில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடு கேளுங்கள். நான் முருகனை அறிவில்லையா என்றே கேட்டேன். பொறுத்துக்கொண்டான்.